‘இல்லை’ என்று குறியிட்டதற்கான விளக்கம்

மலை மாவட்டங்களுக்கு உரத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும், எங்கள் மண்ணையும் எங்களையும் ஆய்வு செய்யும் அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

போன கடைபோகத்தில், கேரட்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். கையில் கேள்வித்தாளுடன் ஓர் இளைஞர் சரிவில் இறங்கி வந்தார். வழுக்கி விழாமல் வந்து சேர்ந்ததே பெரிது. காலில் நகரத்துச் செருப்பு. மலைப்பகுதிச் சிறு விவசாயிகள் உரம் இடுவதை எவையெவை தீர்மானிக்கின்றன என்று ஆராய்வதாகச் சொன்னார். நல்ல பிள்ளை. வரப்பில் உட்காரவைத்து டீ கொடுத்தேன்; குடித்துக்கொண்டே கேட்டார். வயது என்ன, எதுவரை படித்தீர்கள், வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆண்டு அனுபவம், பயிற்சி முகாமுக்குப் போனதுண்டா, வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா. கடைசியில் வந்தது தலையாய கேள்வி: பரிந்துரைக்கப்பட்ட அளவில் உரம் இடுகிறீர்களா? இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். ‘இல்லையெனில் காரணம்’ என்று அடுத்த வரி. அறியாமை, பணப் பற்றாக்குறை, ஆர்வமின்மை, பிற என்று நான்கு கட்டங்கள். ‘பிற’ என்பதற்கு எதிரே விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டில் எழுத இடம் போதாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரி. ஒரு ஏக்கர் தேயிலை, குடும்பச் சொத்து. அதற்குக் கீழே ஓடையை ஒட்டி அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு என்று மாற்றி மாற்றி வைக்கிறோம். அப்பா இலங்கையின் நுவரெலியாவில் பிறந்தவர். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 1970களில் கப்பலேறி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே தோட்டத்தில் உரம் போடும் ஆட்களில் ஒருவர். செடியின் இலை நிறத்தைப் பார்த்தே அது பட்டினி கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார். தழைச்சத்து எதற்கு, மணிச்சத்து எதற்கு, சாம்பல்சத்து எதற்கு என்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆகவே அந்த முதல் கட்டத்தில், ‘அறியாமை’ என்ற கட்டத்தில், தயவுசெய்து எங்களை அடைக்க வேண்டாம்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்வித்தாளில் எடை என்ற சொல்லே இல்லை.

உருளைக்கிழங்குக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல்சத்து. கூடவே 15 டன் தொழு உரம். மணிச்சத்து இரண்டு மடங்காக இருப்பதற்குக் காரணமும் எங்களுக்குத் தெரியும்: எங்கள் செம்மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. சரி, இதை என் அரை ஏக்கருக்குக் கணக்கிடுங்கள். மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் ஆறு மூட்டை. தழைச்சத்துக்கு யூரியா ஒரு மூட்டைக்குச் சற்று மேல். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 40 கிலோ. ஆக மொத்தம் ஏறத்தாழ 400 கிலோ. தொழு உரம் தனியாக 3 டன்.

லாரி நிற்கும் சாலையிலிருந்து என் தோட்டம் அரைக் கிலோமீட்டர் கீழே. வண்டிப் பாதை கிடையாது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடித் தடம், மழை பெய்தால் அதுவும் ஓடை. ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கலாம் என்று வையுங்கள். உரத்துக்கு 16 நடை, எருவுக்கு 120 நடை. 136 தடவை சுமையோடு இறங்கி, 136 தடவை வெறுங்கையோடு ஏற வேண்டும். இறக்கம் மட்டும் 68 கிலோமீட்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும் தூரத்தைத் தலைச்சுமையோடு நடக்கிறோம், அரை ஏக்கருக்காக. அதன்பிறகு விளைந்த கிழங்கை மேலே ஏற்ற வேண்டும். அது வேறு கணக்கு. ஆள் வைத்துச் சுமந்தால் கூலி, நாங்களே சுமந்தால் முழங்கால்.

இந்த நடைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நீங்கள் ‘முரண்பாடு’ என்று எழுதுகிற பல விஷயங்கள் நேராகிவிடும். எங்கள் ஆட்கள் ஏன் கோழி எருவுக்கு அலைகிறார்கள்? நாமக்கல் பக்கமிருந்து லாரி லாரியாக அது மலையேறுகிறது. வந்த நாளில் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிறது. மாட்டெருவைவிட அதில் தழைச்சத்து ஐந்தாறு மடங்கு. அதாவது ஐந்து நடைக்குப் பதில் ஒரு நடை. கோழி எருவை வாங்க வைப்பது அந்த ஒரு நடைதான். சரியாக மக்காததைக் கொட்டினால் வேர் கருகும், மழையில் கரைந்து ஓடைக்குப் போகும் என்று நீங்கள் கண்டிப்பது நியாயம். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் நாங்களும் பாய்ச்சுகிறோம். ஆனால் கண்டிக்கும்போது சாலையோரத் தோட்டத்தையும் பள்ளத்துத் தோட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். லாரி நிற்கும் இடத்தில் அளவு மீறிக் கொட்டுகிறார்கள். கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, கடைசித் தோட்டத்தில் மண் வெளிறிக் கிடக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் எத்தனை முகாமுக்கு வந்தால் என்ன?

நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டிச் சரிவில் ஓடவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். அது பழைய காலத்துப் பொறி. அப்படி ஒரு கம்பிப் பாதையை நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து போட மானியம் தாருங்கள். சொட்டுநீருக்கும் தெளிப்பானுக்கும் மானியம் இருக்கிறது. மலைக்காரர்களின் முதுகுக்கு மட்டும் இல்லை. அதுவும் ஆகாதென்றால், 50 கிலோ மூட்டையைப் பாதியாக்கி 25 கிலோ பையில் தரலாமே. 2018இல் யூரியா மூட்டையை 50இலிருந்து 45 கிலோவாக்கியபோது குறைவாகப் பயன்படுத்தட்டும் என்று காரணம் சொன்னீர்கள். தூக்குகிறவர் பெண்ணாக இருக்கலாம் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நானோ யூரியா என்ற திரவ உரம் வந்தபோது எங்களைவிட மகிழ்ந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அரை லிட்டர் பாட்டில், இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். பிறகுதான் லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி கலந்து தெளிக்க வேண்டும் என்று படித்தோம். ஒரு பாட்டிலுக்கு 125 லிட்டர் தண்ணீர். தேயிலை இருப்பதோ மேட்டில், தண்ணீர் ஓடுவதோ பள்ளத்தில். மூட்டையைக் கீழே இறக்கிய முதுகு இப்போது தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். பயிருக்கு அது எவ்வளவு பயன் தரும் என்ற வழக்குக்கு நான் வரவில்லை. சுமை குறைந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்தது, ஒரு கூட்டத்தில் எங்களைத் திட்டுவதும் அடுத்த கூட்டத்தில் இரக்கப்படுவதும் பற்றி. காய்கறிக் கூட்டத்தில் ‘நீங்கள் உரத்தைக் கொட்டி மண்ணைக் கெடுக்கிறீர்கள்’ என்கிறீர்கள். தேயிலைக் கூட்டத்தில் ‘சிறு விவசாயிகள் உரமே போடுவதில்லை, அதனால்தான் மகசூல் இல்லை’ என்கிறீர்கள். இரண்டு கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பது நான்தான். இரண்டும் உண்மைதான். கேரட்டுக்கு வேண்டியதைவிட அதிகம் போடுகிறேன், தேயிலைக்கு வேண்டியதில் பாதிகூடப் போடுவதில்லை. ஒரே பெண், ஒரே படிப்பு, ஒரே தொலைக்காட்சி. உங்கள் காரணிகளில் எது இதை விளக்கும்?

கேரட் விதை விலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டு ஒட்டு விதை. அதை மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான் வாங்குகிறோம். விதையில் போட்ட பணத்துக்கு முன்னால் உரத்தின் விலை சிறியது. நூறு நாள் பயிர். விலை கிலோ 10 ரூபாய்க்கும் போயிருக்கிறது, 70 ரூபாய்க்கும் போயிருக்கிறது. எழுபது வரும் வாரத்தில் என் கேரட் குச்சியாக இருந்துவிட்டால் அந்த வாய்ப்பு அடுத்து எப்போது வருமோ. அதனால் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறேன். அதை நீங்கள் பேராசை என்பீர்கள். நான் அதைக் காப்பீட்டுத் தவணை என்பேன். எவ்வளவு போடலாம் என்று கேட்க மண்டிக்காரருக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைக்கும் ஆள் உரக்கடைக்காரர். கடனுக்குத் தருகிறவரும் அவர், ஆலோசனை சொல்கிறவரும் அவர். அவர் ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறது. அழைத்தால் தொலைபேசியை எடுக்கிறார். இந்த இரண்டிலும் உங்களில் யாரும் அவரை வென்றதில்லை.

தேயிலைக் கணக்கு நேர்மாறு. கொழுந்து கிலோ 15 ரூபாய் போகும் மாதத்தில் பறிகூலி போக என் கையில் நிற்பது ஒன்பது பத்து ரூபாய். 2021இல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த பொட்டாஷ் மூட்டை அடுத்த ஆண்டு 1,700 ஆனது. அதாவது ஒரு மூட்டை பொட்டாஷுக்கு ஏறத்தாழ 180 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். யூரியா மட்டும் அசையாமல் 266 ரூபாய் 50 காசிலேயே நின்றது. யூரியா விலை அரசு கட்டுப்பாட்டில். மற்றவற்றுக்கு 2010 ஏப்ரல் முதல் சத்து அடிப்படையில் மானியம் மட்டும், விலையை நிறுவனம் வைக்கும். பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. பெலாரஸ் மீது தடை விழுந்தாலும் உக்ரைனில் போர் மூண்டாலும் கோத்தகிரிச் செடிதான் மஞ்சளாகிறது. நான் என்ன செய்வேன்? யூரியாவை மட்டும் வீசிவிட்டு வருகிறேன். செடி பச்சையாகத் தெரிகிறது, நாலு சுற்றுக் கொழுந்து வருகிறது, அப்புறம் டிசம்பர் உறைபனியிலோ பிப்ரவரி வெயிலிலோ கருகி நிற்கிறது. சாம்பல்சத்து இல்லாத செடி தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறேன். ‘சமச்சீர் உரம்’ என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் அந்த விலைப் பட்டியலைச் சமச்சீராக்கிப் பாருங்கள். நாங்கள் படித்த சுவரொட்டி அதுதான்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் எழுதியும் பயனில்லை.

எங்கள் மண்ணின் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 5-ஐச் சுற்றியே இருக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே. தேயிலைக்கு அது பிடிக்கும். முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் பிடிக்காது. முட்டைக்கோசு வேர் வீங்கி முண்டு முண்டாகிச் செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். புளித்த மண்ணில் அந்த நோய் கொண்டாடும். சுண்ணாம்போ, அதைப் போன்ற டோலமைட் கல்தூளோ இட்டால் புளிப்பு இறங்கும், நோயும் அடங்கும், பிடிபட்டுக் கிடக்கும் மணிச்சத்தும் கொஞ்சம் அவிழும். அதாவது சுண்ணாம்பு போட்டால் அந்த ஆறு மூட்டை சூப்பரில் கொஞ்சம் குறைக்கலாம். எங்கள் மலையில் முதலில் போட வேண்டிய உரம் உரமே அல்லாத இந்த வெள்ளைத் தூள்தான். இதைச் சொன்னவர்கள் நீங்கள். கேட்டுத் தலையாட்டியவர்கள் நாங்கள். ஆனாலும் போடுவதில்லை. ஏன்?

சுண்ணாம்பு ஒரு போகத்தில் பலன் தந்து தீர்வதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு அதன் வேலை நடக்கும். என் அரை ஏக்கர் குத்தகையோ ஆண்டுக்கு ஆண்டு வாய்மொழியில் புதுப்பிக்கப்படுவது. நான் மண்ணைத் திருத்திக் கொடுத்தால், ‘மண் நன்றாக விளைகிறதே’ என்று அடுத்த ஆண்டு குத்தகை கூடும். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போகும். நடந்தும் இருக்கிறது: முன்பு எடுத்திருந்த ஒரு துண்டு நிலத்தில் டன் கணக்கில் டோலமைட் இறக்கினோம். மறு ஆண்டு கோசு அருமையாக வந்தது. ஆனால் அதை நட்டது நாங்கள் இல்லை. அதிலிருந்து, என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குத்தான் என்பார்.

யூரியாவின் பலன் ஒரு மாதத்தில் கைக்கு வரும். குத்தகைதாரர் அதைப் போடுவார். சுண்ணாம்பின் பலன் மூன்று ஆண்டில் வரும். அதை நிலத்துக்காரர் போட வேண்டும், அவரோ கோயம்புத்தூரில் இருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். குத்தகைதாரரின் பெயரும் ஏறும்படி, மூன்று போகமோ மூன்று ஆண்டோ நீடிக்கும் ஓர் எளிய ஒப்பந்தப் படிவத்தை வருவாய்த் துறையோடு பேசிக் கொண்டுவாருங்கள். அதைக் காட்டினால் டோலமைட்டும் அதன் ஏற்றுகூலியும் மானியத்தில் கிடைக்கட்டும். நிலத்துக்காரர்கள் பயப்படுவார்கள், குத்தகைச் சட்டம் நிலத்தைப் பிடுங்கிவிடும் என்று. அந்தப் பயத்தைத் தீர்ப்பதற்குத்தான் அதிகாரிகள் தேவைப்படுகிறார்கள். மண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

சொந்த நிலம் என்றாலும் காகிதம் நேராக இருப்பதில்லை. எங்கள் ஒரு ஏக்கர் தேயிலையின் பட்டா இன்னும் மாமனார் பெயரில். அவர் காலமாகி இருபது ஆண்டு. நாலு பிள்ளைகள்; இருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில். நால்வரும் ஒரே நாளில் கையெழுத்திட ஒரு கல்யாணமாவது நடக்க வேண்டும், அன்றைக்கு யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்தால் ஒரு பகுதியை உரமாகவே தருவார்கள். மண்டிக்கும் கடைக்கும் போக வேண்டியதில்லை. அதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். கூடலூர்ப் பக்கம் என் சித்தி வீட்டாருக்கு இதுவும் இல்லை. ஜன்மம் என்ற பழைய பெருநில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலம். அரை நூற்றாண்டு தாண்டியும் பட்டாவுக்கு வழி பிறக்கவில்லை. அவர்களையும் ‘உர ஏற்பு குறைந்த விவசாயிகள்’ பட்டியலில்தான் சேர்ப்பீர்கள்.

மண்ணைச் சோதித்து என்ன உரம் போடலாம் என்று சொல்லும் மண் வள அட்டை வந்திருக்கிறது, நன்றி. 2015இல் தொடங்கிய திட்டம். மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு எடுத்தீர்கள். தஞ்சாவூரில் அது சரியாக இருக்கலாம். அங்கே கண்ணுக்கு எட்டும்வரை ஒரே மட்டம். எங்கள் மலையில் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கருக்குள் ஒரு முகடு, இரண்டு சரிவு, ஒரு சதுப்பு, கொஞ்சம் சோலை, முப்பது பேரின் துண்டு நிலம் எல்லாம் அடங்கிவிடும். முகட்டில் மேல்மண் கரைந்து கல் தெரிகிறது; அந்த மேல்மண் முழுவதும் பள்ளத்தில் என் குத்தகை நிலத்தில் வந்து கிடக்கிறது. இருவருக்கும் ஒரே அட்டை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார், ரேஷன் அட்டைக்குள்.

விற்பனை முனையக் கருவிக்கு வருகிறேன். 2018 முதல் மானிய உரம் வாங்க ஆதார் எண்ணோடு விரல்ரேகை வைக்க வேண்டும். முப்பது ஆண்டாகக் கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கறையும் வெடிப்பும்தான் இருக்கிறது. ஒரு கடையில் நான் கட்டைவிரலில் தொடங்கிப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். கருவி என்னை நானில்லை என்றது. வீட்டுக்காரரை அழைத்துவர ஒரு நாள் கூலி போயிற்று. அவர் வந்தபோது சிக்னல் இல்லை. மறுநாள் வாருங்கள் என்றார்கள். மறுநாள் மழை. இவ்வளவுக்கும் அன்று வாங்கப் போனது ஒரு மூட்டை யூரியா. மேலுரம் இட வேண்டிய நாள் தப்பினால் மண் அணைக்கும் நாளும் தப்பும். அப்புறம் யூரியா இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

மழையைச் சொன்னதால் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சரிவுக்குக் குறுக்கே பாத்தி எடுங்கள் என்று ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் 1950களிலிருந்து சொல்லி வருகிறார்கள். நாங்கள் இன்றுவரை பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் கரை பிடிக்கிறோம். இதில் அவர்கள் சொல்வதே சரி. எங்கள் பக்கம் மூர்க்கமானது வடகிழக்கு மழை. 2009 நவம்பரில் அது மலையையே உருட்டிவிட்டதை மறக்க முடியாது. சாதாரண ஆண்டிலும் அடியுரம் போட்ட மறுவாரம் ஒரு கனமழை அடித்தால் பாதிக் காசு ஓடையில் போவதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் சிவந்து ஓடும். ஆனால் குறுக்கே பாத்தி எடுத்தால் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும் என்ற பயமும் பொய்யல்ல. வடிகால் சரியாக வெட்ட வேண்டும், அது இன்னும் சில ஆள் கூலி, அதுவும் குத்தகை நிலத்தில். உரத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள் என்பதும் இப்படித்தான். வீணாகாது, உண்மை. ஒவ்வொரு தவணைக்கும் ஓர் ஆள் நாள் கூலி ஆகும் என்பதும் உண்மை. பிரித்துப் போடுவதால் மிச்சமாகும் உரத்தின் விலையும் அந்தக் கூலியும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

காட்டுப்பன்றியைக் காரணியாக எந்த ஆய்வாவது சேர்த்திருக்கிறதா? தெரியவில்லை. எங்களுக்கு அது முதல் மூன்றுக்குள் வரும். கிழங்கு இறங்கும் பருவத்தில் ஒரே இரவில் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். காட்டெருமை பீன்ஸை மேயும். முள்ளம்பன்றி கேரட்டைக் கடிக்கும். போன ஆண்டு பன்றி வந்த தோட்டத்தில் இந்த ஆண்டு மேலுரம் குறையும். யாருக்கு விளைகிறதென்று தெரியாமல் எத்தனை மூட்டை போடுவது? காலையில் கரடி நடமாட்டம் என்றால் எட்டு மணிக்கு முன் தேயிலைக்குள் யாரும் இறங்குவதில்லை. அதற்குள் வெயில் ஏறிவிட்டால் அன்று யூரியா போடுவதில் பொருளில்லை. இழப்பீடு கேட்டு அலைவது தனிக்கதை, அது உங்கள் துறையும் அல்ல.

இயற்கை வேளாண்மை பற்றிச் சொல்லாமல் விட்டால் ஒளிக்கிறேன் என்பீர்கள். 2023 மார்ச்சில் மாநில அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. நல்லதுதான். ரசாயன உரத்தின் மீது எனக்கொன்றும் காதல் இல்லை, சுமப்பவள் நான். ஆனால் அங்கக முறை என்றால் எரு, எரு என்றால் எடை. 400 கிலோவை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக இன்னும் சில டன் எருவை யார் இறக்குவது? மாடு எங்கே இருக்கிறது? எங்கள் தெருவில் நான் வாக்கப்பட்டு வந்தபோது பதினோரு வீட்டில் மாடு இருந்தது, இன்று இரண்டு வீட்டில். மேய்ச்சல் நிலமெல்லாம் தேயிலையாயிற்று, பிறகு விடுதியாயிற்று.

நுவரெலியாவில் அப்பாவின் தங்கை குடும்பம் இன்னும் இருக்கிறது. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. நவம்பரில் தானே விலக்கிக்கொண்டது. அந்த ஆறேழு மாதத்தில் அங்கே மலைக் காய்கறிக்காரர்கள் மறைத்து வைத்த உரத்தைப் பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள். தேயிலை இளைத்தது; பறிக்கும் கிலோவுக்கேற்பக் கூலி வாங்கும் அத்தை மகளுக்கு நிறை குறைந்தது. நுவரெலியாக் காய்கறித் தோட்டங்களில் உரம் அளவுக்கு மீறி விழுந்துகொண்டிருந்தது உண்மை. குறைக்க வேண்டியிருந்ததும் உண்மை. ஏன் மீறி விழுகிறது என்று யாரும் சரிவில் இறங்கிக் கேட்கவில்லை. வெறும் பழக்கம், நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று கொழும்பில் நினைத்தார்கள்.

உங்கள் இளைஞர் இறங்கியாவது வந்தார். அதனால்தான் இவ்வளவு எழுதத் தோன்றியது. அடுத்த முறை கேள்வித்தாள் அச்சிடும்போது இன்னும் ஐந்தாறு வரி சேருங்கள்: சாலையிலிருந்து தோட்டம் எவ்வளவு தூரம், சுமப்பது யார், பட்டா யார் பெயரில், குத்தகை எத்தனை போகத்துக்கு, உரம் யாரிடம் கடன், போன போகத்தில் பன்றி எத்தனை முறை வந்தது. தொலைக்காட்சிக் கேள்வியை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைக்கும். வருவதானால் கார்போகத்துக்கு முன், மார்ச் கடைசியில் வாருங்கள். அப்போதுதான் சூப்பர் மூட்டை இறக்குவோம். போன முறை சங்கத்துக்கு அது மே மாதம்தான் வந்தது, இந்த முறை எப்போது என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை, காய்கறிச் சிறு விவசாயி ஒருத்தி

பி.கு.: அந்தத் தாளில் ‘நிலம்: சொந்தம், ஒன்றரை ஏக்கர்’ என்று பதிவாகியிருக்கிறது. நான் சொன்னது ஒரு ஏக்கர் குடும்ப நிலம், அரை ஏக்கர் குத்தகை. குத்தகைக்குக் கட்டம் இல்லை என்று தம்பி இரண்டையும் கூட்டி எழுதிவிட்டார். திருத்திக்கொள்ளவும்.